ஜி.டி. நாயுடுவும் என் மகன் கேட்ட வேலையும்

ஸ்காபரோவில் ஒரு மெஷின் ஷாப்பில் லேத்துக்கு முன்னால நிக்கத் தொடங்கி எனக்கு இருபத்திரண்டு வருசமாச்சு. போன மாசம் என் மகன், யூனிவர்சிட்டி வேண்டாம், அப்ரண்டிஸாகச் சேர்ந்து மெஷினிஸ்ட் ஆகப்போறன் எண்டு சொன்னான். ரெண்டு நாள் வீட்டில் ஒருத்தரும் சரியாகச் சாப்பிடேல்லை. அந்த வேலையால வீடு வாங்கின எனக்கே மனம் சுருங்கிப்போச்சு. அதுதான் வெட்கம்.

அப்பதான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ஞாபகத்துக்கு வந்தார். இங்கை பிறந்த பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது.

1893இல் கோவைக்குப் பக்கத்தில், கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஹோட்டலில் பரிமாறிக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் முழுதாகக் கழற்றி, திரும்பப் பூட்டிப் பார்த்தார். அவருக்கு அதுதான் யூனிவர்சிட்டி.

1920இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தானே ஓட்டினார். அது யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். அது எவ்வளவு பெரிய வேலை எண்டு எங்கடை ஆக்களுக்குத்தான் விளங்கும். சின்ன மோட்டாரில், சுழலுற ரோட்டருக்கும் சுத்தி நிக்கிற ஸ்டேட்டருக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட வராது. ஷாஃப்ட் கொஞ்சம் கோணினாலும் உரசும். கண்ணும் கையும் பழகாமல் அது வராது.

பேட்டரியில் ஓடும் ரேசர் செய்தார். குறைந்த விலையில் இரண்டு பேர் போகும் கார் செய்தார். அரசு அனுமதி கிடைக்காமல் அது தெருவுக்கு வரவில்லை. எல்லாம் வெற்றி இல்லை.

அவர் படிப்புக்கு எதிரியும் இல்லை. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்க முன்னின்று, அதன் முதல்வராகவும் இருந்தார். நான்கு வருசம் தேவையில்லை, மெஷினுக்குப் பக்கத்தில் நின்று படித்தால் குறைந்த காலம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, விலகினார். 1974இல் மறைந்தார்.

என் மகன் நாயுடு ஆகப்போறதில்லை. ஆனால் அவன் கேட்டது அதே படிப்பைத்தான். ஒன்டாரியோவில் அப்ரண்டிஸ் காலத்திலேயே சம்பளம் உண்டு. ரெட் சீல் சோதனை பாஸ் பண்ணினால் அந்தத் தகுதி கனடா முழுக்கச் செல்லும். சிஎன்சி மெஷினுக்குப் புரோகிராம் எழுதவும், கோணம் கணக்குப் பார்க்கவும் கணிதம் வேணும். படிக்க ஏலாதவன் ஒதுங்குற இடம் இல்லை இது.

டொக்டர், எஞ்சினியர் எண்டால் நாங்கள் சத்தமாகச் சொல்லுவம். மற்ற வேலையெண்டால் குரல் இறங்கும். வாற கிழமை ஒரு கலியாணவீடு இருக்கு. மகன் என்ன செய்யிறான் எண்டு கேப்பினம். குரலை இறக்காமல், மெஷினிஸ்ட் வேலை பழகுறான் எண்டு சொல்லப்போறன்.