புரதத்தின் வடிவம் கண்ட ஜி. என். இராமச்சந்திரன்

ஆரையம்பதி வாவியில் பிடித்த இறாலை உரித்து, தேசிக்காய்ப் புளியில் சிறிது நேரம் ஊறவிடுங்கள். அடுப்பில் வைக்காமலே அதன் சதை வெண்மையாகி இறுகிவிடும். அமிலத்தினால் அதிலுள்ள புரதம் தன் வடிவத்தை இழந்துவிட்டது. இதுவே புரதத்தின் இயல்பிழத்தல் ஆகும். அவ்வடிவத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற தமிழரைப் பற்றி அறிந்துகொள்வோம்.

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922 ஒக்டோபர் 8 இல் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் கற்றபின், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அவரது திறமையைக் கண்ட சேர் சி. வி. இராமன் அவரைப் பௌதிகவியலுக்கு மாற்றிக்கொண்டார்.

1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் பேராசிரியரானார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் அப்போது தெளிவாகவில்லை. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாணைப் பெற்று, எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்தார். கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என 1954 இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து வெளியிட்டார். அவ்விழைகள் கயிறு போல் முறுக்குண்டவை என 1955 இல் திருத்திக் கூறினார்.

ஆனால் கிரிக், ரிச் என்னும் அறிஞர்கள் அதில் குறை கண்டனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். இராமச்சந்திரன் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அதன் பயனாக, புரதச் சங்கிலி எக்கோணங்களில் வளையலாம் என்று காட்டும் வரைபடத்தைச் சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963 இல் வெளியிட்டார். ‘இராமச்சந்திரன் வரைபடம்’ எனப்படும் அதனைக் கொண்டே இன்றும் புரத அமைப்புகள் சரிபார்க்கப்படுகின்றன. அவர் 2001 ஏப்ரல் 7 இல் சென்னையில் காலமானார்.

நினைவிற் கொள்க:

1. அமினோவமிலங்களை இணைப்பது பெப்தைட்டுப் பிணைப்பு. சங்கிலியை மடித்து வைத்திருப்பதில் ஐதரசன் பிணைப்பு போன்ற நலிந்த பிணைப்புகளுக்குப் பெரும் பங்குண்டு.

2. அமிலம், காரம், அற்ககோல், செறிந்த யூரியாக் கரைசல், இரசம், ஈயம் போன்ற பார உலோகங்களின் உப்புகள் ஆகியன அம்மடிப்பைக் குலைக்கும். பெப்தைட்டுப் பிணைப்பு பெரும்பாலும் அறுவதில்லை.

3. வடிவம் குலைந்தால் தொழிலும் கெடும். எனவேதான் இயல்பிழந்த நொதியம் தொழிற்படாது.

மாணவர்களே, சிவப்பு மையால் பிழை காட்டப்பட்ட விடைத்தாள் கைக்கு வரும்போது அதை மடித்து ஒளித்துவிடாதீர்கள். இராமச்சந்திரன் தம் பெரும் பணியைத் தொடங்கியது அத்தகைய ஓரிடத்தில்தான்.