வேட்டைக்காரர் காவலரானார்

ஆயர் குரோ விலங்குக்காட்சிச் சாலையில் யானையையும் புலியையும் கண்டு மகிழ்கிறோம். அவை அடைபடாமல் தம் விருப்பம்போல் உலவும் பெருங்காடு ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அதுவே ‘தாமான் நெகாரா’ எனும் தேசியப் பூங்கா. அது உருவாக அரும்பாடுபட்ட தியோடர் ஹப்பேக்கின் வரலாற்றை இங்குக் காண்போம்.

ஹப்பேக் 1872ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். கோலாலம்பூர்ப் புகைவண்டி நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக் இவர்தம் தமையனார். இளமையிலேயே மலாயா வந்த தியோடர், தோட்டத்துரையானார். வேட்டையில் பெருவிருப்பு உடையவர். யானையையும் ‘செலாடாங்’ எனும் காட்டெருதையும் வேட்டையாடுவது பற்றி 1905இல் நூலே எழுதினார்.

அக்காலத்தில் மேற்குக் கரையெங்கும் காடுகள் அழிந்து இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. காடு திருத்திய கைகளில் நம் முன்னோர் கைகளும் இருந்தன. அவர்தம் உழைப்பால்தான் நாம் உயர்ந்தோம். ஆயினும், காடிழந்த யானைகள் தோட்டத்துள் புகுந்து இளங்கன்றுகளை மிதித்தன. அவற்றைச் சுட்டுத் தள்ளுவதே வழியெனத் தோட்ட முதலாளிமார் பலர் வாதிட்டனர்.

தோட்டக்காரரான ஹப்பேக்கோ மாறாக எண்ணினார். காட்டில் பல்லாண்டுகள் அலைந்த அவர், விலங்கினம் குறைந்து வருவதைக் கண்கூடாகக் கண்டார். வேட்டைக்கு உரிமமும் சட்டமும் இருந்தன. சட்டம் துப்பாக்கியைத் தடுக்கலாம், கோடரியைத் தடுக்குமா? உயிரைக் காக்க வேண்டுமாயின், அது வாழும் காட்டையும் காக்க வேண்டும் என அவர் தெளிந்தார்.

1925இல் பகாங்கின் குனோங் தகான் பகுதி விலங்குக் காப்பகமாயிற்று. ஹப்பேக் அத்துடன் நிறைவடையவில்லை. 1930இல் அமைந்த வனவிலங்கு ஆணையத்தை ஏற்று, மாநிலந்தோறும் சென்று பலதரப்பினரின் கருத்துகளைக் கேட்டார். 1932இல் அவரது அறிக்கை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. எதிர்ப்புகள் எழுந்தபோதும் அவர் சோர்ந்தாரில்லை. 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரங்கானு சுல்தான்கள் நிலம் வழங்க, 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் பூங்கா அமைந்தது. அது நம் மலாக்கா மாநிலத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் பெரிது! நாடு விடுதலை பெற்றபின் தாமான் நெகாரா எனப் பெயர் பெற்றது. ஹப்பேக், ஜப்பானியப் படையெடுப்புக் காலமாகிய 1942இல் மறைந்தார்.

பூங்கா நிலைத்தது, ஆனால் கவலை தீரவில்லை. 2019இல் மலேசியாவின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் இறந்தது. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில், காட்டிலுள்ள மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு எனத் தெரியவந்தது. வேலியில்லாக் காட்டில் ஒருவன் வைக்கும் கம்பிக் கண்ணி, ஒரு நூற்றாண்டு உழைப்பைப் பாழாக்கிவிடும்.

பெற்றோரே, தோட்டப் பெருமக்களே! யானை மிதித்த பயிரின் துயரை நாம் அறிவோம். எனினும், அதன் காட்டை நாம் எடுத்துக்கொண்டோம் என்பதையும் மறத்தலாகாது. மாணவர்களே! கண்ணி வைப்போரைக் கண்டால் பெரியோரிடம் கூறுங்கள். அவர்கள் வனவிலங்குத் துறைக்கு அறிவிக்கட்டும். துப்பாக்கி ஏந்திய ஒருவரே மனம் மாறிக் காவலரானார் எனில், நம்மால் இயலாதோ? காடு காப்போம், உயிர் காப்போம்!