ராமனும் என் அரியர் பேப்பரும்

பேரவை மலருக்கு ஒரு அறிஞரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று செயலாளர் அண்ணன் கேட்டபோது, சர் சி.வி.ராமன் என்று பெயர் கொடுத்தேன். வகுப்பில் சிரித்தார்கள். ராமனைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. கடல் ஏன் நீலம், நோபல் பரிசு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், அவ்வளவுதானே என்றார்கள். எனக்கும் போன வருஷம் வரைக்கும் அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் தெரிந்ததற்குக் காரணம் என் அரியர் பேப்பர். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். இரண்டு வருஷம் முன்பு அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து, சாப்பிட்டதும் துடித்துப் போவார்கள். ஸ்கேன் எடுக்க நான்தான் கூடப் போனேன். வயிற்றில் பசை தடவி, கையடக்கமான ஒரு பொருளை வைத்து நகர்த்தினார்கள். திரையில் பித்தப்பைக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல். அது கல் என்றார்கள். கத்தி இல்லை, எக்ஸ்ரே இல்லை, வெறும் சத்தம்தான் இதைக் காட்டுகிறது என்று அந்த டெக்னீஷியன் அக்கா சொன்னதை நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நிழலே கண்ணில் நின்றது. இந்த மெஷினை ரிப்பேர் பார்க்கவாவது படிக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஆசை வேறு, பரீட்சை வேறு. எங்கள் பாடத்தில் மருத்துவ மீயொலி என்று ஒரு பகுதி வந்தது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும். ஸ்கேன் மெஷினின் சத்தம் லட்சக்கணக்கில், கோடியை நெருங்கும் அளவில் அதிரும். உடம்பின் மென்மையான பகுதிகளில் அது வினாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோ வினாடி. இதெல்லாம் மனப்பாடம். ஆனால் மீயொலிக் கீற்றணி என்று ஒரு கேள்வி வந்தது. படம் போட்டேன், பெயர் எழுதினேன், விளக்கம் எழுதத் தெரியவில்லை. வேறு இரண்டு கேள்வியும் சொதப்பல். அரியர் விழுந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் அரை ஷிப்ட் கூடுதலாகப் போனார்கள், அவ்வளவுதான்.

அரியருக்குப் படிக்கும்போதுதான் அந்தக் கீற்றணிப் பாடத்துக்கு அடியில் ராமன் – நாத் கொள்கை என்று சின்ன எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது. எந்த ராமன் என்று லைப்ரரியில் தேடினேன். நம் ராமனேதான்.

1888 நவம்பர் 7-ஆம் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்தவர் சந்திரசேகர வெங்கட ராமன். அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர், பிறகு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர். அம்மா பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாவது. வீட்டில் பணம் கொஞ்சம், புத்தகம் நிறைய. அப்பா வயலின் வாசிப்பார். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ராமன் ஏழைப் பையனாக இருந்து தெருவிளக்கில் படித்தார் என்கிற மாதிரி எழுதினால் அது பொய். வீட்டிலேயே இயற்பியல் தெரிந்த அப்பா இருந்தார். எனக்கு டவுட் வந்தால் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் அவரும் நானும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை.

11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்தார். 1904-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ., முதலிடம், தங்கப் பதக்கம். 1907-இல் எம்.ஏ., அதிலும் முதலிடம். எம்.ஏ. முடிப்பதற்குள்ளேயே, 1906 நவம்பரில், செவ்வகத் துளை வழியாக வெளிச்சம் வளைவதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் பத்திரிகையில் வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 18. எனக்கும் இப்போது 18. இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வயதில் அவர் படித்த புத்தகங்களில் ஒன்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய ஒலியைப் பற்றிய பெரிய நூல். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஜெர்மானியர், படித்தது மருத்துவம். காது எப்படிக் கேட்கிறது என்று ஆராயப் போய் இயற்பியலுக்குள் வந்தவர். அப்பாவின் வயலினும் இந்த டாக்டரின் புத்தகமும் சேர்ந்து ராமனைச் சத்தத்தின் பின்னால் இழுத்துவிட்டன.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து போக வேண்டும். மெடிக்கல் செக்கப்புக்குப் போனார். அங்கத்திய குளிர் இந்த உடம்புக்கு ஆகாது என்று சென்னையின் சிவில் சர்ஜன் தடுத்துவிட்டார். நன்றாகப் படிக்கிறவனுக்கு அன்றைக்கு இருந்த ஒரே வழி அரசாங்க உத்தியோகம். நிதித்துறைத் தேர்வு எழுதினார். அதற்கு வரலாறு, பொருளாதாரம் எல்லாம் படிக்க வேண்டும். அவருடைய பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் 1907-இல் அதிலும் முதலிடம். அதே வருஷம் லோகசுந்தரி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டு, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். பரீட்சை ஒரு வேலையைத் தந்தது. அவர் விரும்பிய வேலை அது இல்லை.

கல்கத்தாவில் ஒருநாள் டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற போர்டைப் பார்த்தார். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் ஆரம்பித்தது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, வேலை செய்ய ஆள் இல்லை. ராமன் உள்ளே போனார். அதிலிருந்து பத்து வருஷம், விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் ஆபீஸ், சாயங்காலம் 5 மணிக்கு மேல் மறுபடி ஆய்வுக்கூடம், வீடு திரும்ப ராத்திரி. இடையில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல். 1911-இல் மறுபடி கல்கத்தா. எங்கள் தெருவில் பகலில் காலேஜ், ராத்திரி பனியன் கம்பெனி என்று ஓடுகிற பசங்க நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த டைம்டேபிள் புரியும்.

அங்கே அவருக்கு உதவியாக இருந்தவர் ஆசுதோஷ் டே. பல்கலைக்கழகத்தில் படிக்காதவர். ஆனால் கருவி செய்வதிலும் பரிசோதனை நடத்துவதிலும் கெட்டிக்காரர். ராமன் அவரை எடுபிடியாக வைத்துக்கொள்ளாமல், ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துப் போட்டார். டிப்ளமோ படிக்கிற நாம் ராமனிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வருஷங்களில் ராமன் செய்ததெல்லாம் பெரும்பாலும் சத்தத்தைப் பற்றியதுதான். வயலினில் வில்லை ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் இழுக்க மனுஷக் கையால் முடியாது. அதனால் வில்லை அசையாமல் வைத்து, வயலினை முன்னும் பின்னும் நகர்த்துகிற ஒரு மெஷின் செய்தார். வீணையின் குதிரை ஏன் வளைவாக இருக்கிறது, அதனால் நாதம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். மிருதங்கத்தின் நடுவில் பூசுகிற கறுப்புச் சாந்து எதற்கு என்று ஆராய்ந்தார். சாதாரணத் தோலை அடித்தால் வெறும் இரைச்சல்தான் வரும். நடுவில் எடை ஏற்றினால் அதிர்வுகள் ஒழுங்காகி சுருதி வருகிறது. மிருதங்கம் செய்கிறவர்களுக்கு இது எத்தனையோ தலைமுறையாகக் கைக்குத் தெரியும். எதனால் என்று காகிதத்தில் காட்டினவர் ராமன்.

1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவி கொடுத்தது. சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். போனார். அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. நிபந்தனையைத் தளர்த்தினார்கள். 1921-இல் முதல் கடல் பயணம், 1928-இல் கே.எஸ்.கிருஷ்ணனோடு ராமன் விளைவு, 1930-இல் நோபல். இதையெல்லாம் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது, நான் தாண்டிப் போகிறேன்.

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். அங்கேதான் என் கீற்றணி வருகிறது.

1932-இல் அமெரிக்காவில் டிபையும் சியர்ஸும், பிரான்ஸில் லூக்காவும் பிகாரும் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். திரவத்துக்குள் மீயொலியைச் செலுத்தி, குறுக்கே மெல்லிய வெளிச்சத்தை விட்டால், மறுபக்கம் ஒரு புள்ளிக்குப் பதிலாக வரிசையாகப் பல புள்ளிகள். சத்தத்தைக் கூட்டக் கூட்டப் புள்ளிகள் அதிகமாகின்றன. ஒன்று மங்குகிறது, இன்னொன்று பிரகாசமாகிறது. ஏன் இப்படி என்று சரியான கணக்கு யாரிடமும் இல்லை. ராமனும் நாகேந்திர நாத் என்ற இளைஞரும் 1935, 36-இல் வரிசையாக ஐந்து பாகமாக விடை எழுதினார்கள்.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. பல்லடத்தில் அப்புச்சி வீட்டில்தான் புரிந்தது. அப்புச்சி விசைத்தறி ஓட்டியவர். மெல்லிசான காடாத் துணியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்தேன். ஒரு விளக்கு, கூட்டல் குறி போலப் பல விளக்காகத் தெரிந்தது. பாவும் ஊடையும் நெருக்கமாக இருப்பதால் வெளிச்சம் வளைந்து பிரிகிறது. இழை எண்ணும் லென்ஸை வைத்துப் பார்த்தோம். அந்தத் துணியில் இஞ்சுக்கு எண்பது இழைக்குக் கொஞ்சம் மேல். அதாவது இழைக்கு இழை 0.3 மில்லிமீட்டர். ராத்திரி கணக்குப் போட்டேன். 50 லட்சம் ஹெர்ட்ஸ் மீயொலி தண்ணீரில் போனால் அதன் அலைநீளமும் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர்! சத்தம் தண்ணீருக்குள் ஒரு துணியை நெய்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நூல் வெளிச்சத்தை மறைக்கும், தண்ணீர் மறைக்காது. சத்தம் அழுத்திய இடத்தில் தண்ணீர் கொஞ்சம் அடர்த்தியாகிறது, அங்கே வெளிச்சம் லேசாகத் தாமதமாகிறது. தளர்ந்த இடத்தில் முந்துகிறது. அதனால் நேராக வந்த வெளிச்ச அலை, வெளியே வரும்போது தகரக் கூரை மாதிரி நெளிந்து வருகிறது. அந்த நெளிவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்தையும் கணக்கிடலாம் என்பதுதான் ராமன் – நாத் கொள்கை. நான் பரீட்சையில் எழுதாமல் விட்டது இந்த நாலு வரிதான்.

ராமன் ஸ்கேன் மெஷின் செய்யவில்லை. உடம்புக்குள் மீயொலியை விட்டுக் கட்டிகளைப் பார்த்து 1958-இல் உலகுக்குச் சொன்னவர் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட். ஆனாலும் ஸ்கேன் புரோபிலிருந்து சத்தம் எந்த வடிவில் வெளியே வருகிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்க்க, தண்ணீருக்குள் வெளிச்சத்தை விட்டுப் பார்க்கும் முறை இன்றும் இருக்கிறது. புரோபுக்குள் வரிசையாகப் படிகங்கள் உண்டு. அதில் ஒன்று செத்தால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கறுப்பாகிவிடும். அப்பாவிடம் சொன்னேன். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி போனால் துணி முழுக்க ஒரு கோடு விழும், அதேதானே என்றார். அதேதான்.

இப்போது எனக்குப் பிடிக்காத பகுதி. 1933-இல் கமலா பாக்வத் என்ற பெண் பம்பாயில் பி.எஸ்ஸி. முதலிடத்தில் முடித்து, பெங்களூரில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் ராமன் சேர்க்க மறுத்தார். அவர் பெங்களூருக்கே வந்து விடாப்பிடியாக நின்றார். கடைசியில் ஒரு வருஷம் சோதனையாக, கடுமையான நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். அந்த வருஷம் முடிந்ததும் ராமனுக்குத் திருப்தி. கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். டேவின் படிப்பைக் கேட்காதவர் கமலாவை மட்டும் ஏன் நிறுத்தினார்? எங்கள் வகுப்பில் நாங்கள் ஆறு பெண்கள்தான். அந்த ஆறு பேர் சார்பில் ராமன்மேல் எனக்குக் கோபம் உண்டு.

பிறகு அவரிடமே அன்னா மணி சேர்ந்தார். வைரத்தின் ஒளிர்வைப் பற்றி ஐந்து கட்டுரைகள் எழுதினார். ஆராய்ச்சி நூலை 1945-இல் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. இல்லாததால் டாக்டர் பட்டம் கிடையாது என்று சென்னைப் பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. அவர் வானிலைத் துறைக்குப் போய், காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தார். சர்டிபிகேட் இல்லாததால் அவர் கை நின்றுபோகவில்லை. ஆனால் எனக்குச் சர்டிபிகேட் வேண்டும். அது இல்லாமல் ஸ்கேன் மெஷின் இருக்கிற அறைக்குள் என்னை யாரும் விடமாட்டார்கள்.

ராமன் 1937-இல் இயக்குநர் பதவியை விட்டார். 1948 வரை அங்கேயே பேராசிரியர். பிறகு தன் பெயரில் ஒரு ஆய்வுக்கழகம் அமைத்துக்கொண்டார். 1954-இல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-இல் காலமானார். ஆய்வுக்கழகத் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அந்த இடத்தில் சமாதி இல்லை, ஒரு மரம் மட்டும் நிற்கிறது.

போன மாதம் அரியர் பேப்பர் எழுதிவிட்டேன். கீற்றணி கேட்கவில்லை, பத்து மார்க்குக்கு ஸ்கேன் மெஷினின் கட்டப்படம்தான் கேட்டார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் ரிசல்ட் வந்திருக்கும். அம்மா கல்லை எடுத்தாகிவிட்டது, மறுபடி செக்கிங் போகிறார்கள்.