ஃபார்வர்டில் வரும் நோபல் விஞ்ஞானி: ஓட்டோ வார்பர்க் உண்மையில் என்ன கண்டுபிடித்தார்?

புற்றுநோய்க்கான காரணத்தை ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1931-லேயே கண்டுபிடித்து நோபல் பரிசும் வாங்கிவிட்டாராம். சர்க்கரையை நிறுத்தினாலே போதுமாம். இப்படி ஒரு ஃபார்வர்டு உங்கள் ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கலாம். அந்த விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க். ஆள் நிஜம், நோபலும் நிஜம். மீதிக் கதைதான் வேற.

யார் இவர்?

1883-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் பிறந்தார். அப்பா பெயர்பெற்ற இயற்பியலாளர். மகன் வேதியியல், மருத்துவம் இரண்டிலும் டாக்டர் பட்டம் வாங்கினார். முதல் உலகப்போரில் குதிரைப்படையில் இருந்தவரை, ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பச் சொல்லி ஐன்ஸ்டைனே கடிதம் எழுதினார்.

1920-களில் பெர்லினில், புற்றுக்கட்டியின் மெல்லிய சீவல்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று அளந்தார். சாதாரண செல், ஆக்சிஜன் இருந்தால் குளுக்கோஸை முழுசாக எரிக்கும். புற்றுநோய் செல்லோ ஆக்சிஜன் இருந்தும் குளுக்கோஸை அள்ளி விழுங்கி, பெரும்பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றியது. இதுதான் ‘வார்பர்க் விளைவு’. இன்றைய பெட் ஸ்கேன் கட்டியைக் கண்டுபிடிப்பதும் இந்தக் குளுக்கோஸ் பசியை வைத்துத்தான். ஆனால் 1931 நோபல் இதற்கு இல்லை. செல் சுவாசிக்க உதவும் நொதியைப் பற்றிய ஆய்வுக்கு.

அப்பா யூத வம்சாவளி என்பதால் ஹிட்லர் ஆட்சியில் 1941-ல் பதவி பறிபோனது. கொஞ்ச நாளிலேயே திரும்பக் கிடைத்தது.

எங்கே சறுக்கினார்?

செல்லின் சுவாசம் கெடுவதுதான் புற்றுநோயின் மூலகாரணம் என்று 1970-ல் இறக்கும்வரை பிடிவாதமாக நின்றார். ஆனால் பல புற்றுநோய் செல்களில், சுவாசம் நடக்கும் இடமான மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது. செல்லைக் கட்டுமீறிப் பெருக வைப்பதில் முக்கியப் பங்கு உட்கருவில் உள்ள மரபணு மாற்றங்களுக்கு.

அப்போ மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள் கொண்டது. பழுதுபார்க்கும் வசதி அதற்குக் குறைவு, சீக்கிரம் அடிபடும். வாய்ப்புற்றுநோய் நோயாளிகளின் கட்டிகளில் இந்த டிஎன்ஏ-வில் மாற்றங்கள் தென்படுகின்றன. அவை நோயின் காரணமா, விளைவா என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி.

வாய்ப்புற்றுநோயின் பெரிய காரணங்களோ ஏற்கெனவே தெரிந்தவை: புகையிலை, பாக்கு, மது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஏறும் தொழிலாளர்களிடம் வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுவது சகஜம். அவர்களிடம் சர்க்கரையை மட்டும் நிறுத்தச் சொன்னால், உண்மையான ஆபத்து வாயிலேயே இருக்கும்.

பலன் தந்த வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

வாயில் வெள்ளை, சிவப்புத் திட்டோ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தால், குரூப்பில் இதைப் போடலாம்.