வேரா மென்சிக்

நம் முன்னோர் ஆனைக்குப்பு என வழங்கிய சதுரங்கத்தில், உலக மகளிர் அணிகள் பொருது பெறும் கோப்பைக்கு வேரா மென்சிக் கோப்பை என்பது பெயர். தாம்பரத்திற்குத் தெற்கே, மாமல்லபுரத்தில் 2022ஆம் ஆண்டு நடந்த ஒலிம்பியாடில் உக்கிரேன் மகளிர் அதனை வென்றனர். நம் மகளிர் மூன்றாமிடம் எய்தினர். 2024ஆம் ஆண்டு புடாபெஸ்டு நகரில் அஃது இந்தியர் கைக்கு வந்தது. சென்னை நங்கை வைசாலியும் அவ்வணியில் ஆடினார். அப்பெயருக்குரிய அம்மையார் யாவர்?

வேரா 1906ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். தந்தையார் செக் இனத்தவர். தாயார் ஆங்கில மாது. ஒன்பதாம் வயதில் தந்தையாரே அவருக்கு ஆட்டத்தைக் கற்பித்தார். உருசியப் புரட்சியில் குடும்பம் உடைமைகளை இழந்தது. 1921ஆம் ஆண்டு வேரா தாயுடனும் தங்கையுடனும் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் என்னும் கடற்கரையூரை அடைந்தார். ஆங்கிலம் நன்கறியாத அச்சிறுமிக்கு, வாய்திறவாமலே ஆடத்தக்க சதுரங்கம் உற்ற துணையாயிற்று. அங்கேரி நாட்டு வல்லுநர் மரோட்சி ஆசானாக வாய்த்தார்.

1927ஆம் ஆண்டு இலண்டனில் மகளிர்க்கான முதல் உலகப் போட்டி நடைபெற்றது. வேரா பதினோர் ஆட்டங்களில் பத்தில் வென்றார். ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அன்று பெற்ற பட்டம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

ஆயினும் அவர் ஆடவரோடு ஆடவே விழைந்தார். 1929ஆம் ஆண்டு கார்ல்ஸ்பாடு நகரப் போட்டிக்கு அவர் வந்தபோது, அவரிடம் தோற்பவரையெல்லாம் சேர்த்து ஒரு கழகம் அமைக்கலாம் என்று பெக்கர் என்பவர் எள்ளினார். அக்கழகத்தின் முதல் உறுப்பினர் அப்பெக்கரே ஆயினார்! அப்போட்டியில் வேரா கடைசியிடமே பெற்றார். இதனை மறைத்தல் வேண்டா. பின்னாளில் உலக வாகையராகிய ஆய்வேயும், நம் நாட்டுப் பெருவீரர் சுல்தான் கானும் அவரிடம் தோற்று அக்கழகம் புகுந்தனர்.

கோப்பைகள் வயிற்றை நிரப்பா. ஆகவே வேரா பிறர்க்கு ஆட்டம் கற்பித்தும் இதழ்களில் எழுதியும் பொருளீட்டினார். 1937ஆம் ஆண்டு ஸ்டீவன்சன் என்பாரை மணந்தார். 1939ஆம் ஆண்டு இலண்டனில் திறக்கப்பெற்ற தேசியச் சதுரங்க நிலையத்தை நடத்தும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. மறுவருடமே பகைவரின் குண்டு அந்நிலையத்தை அழித்தது. 1943ஆம் ஆண்டு கணவரும் காலமானார்.

1944ஆம் ஆண்டு சூன் திங்களில் ஓரிரவு, செருமானியரின் ஆளில்லாப் பறக்குங்குண்டு கிளாப்பம் பகுதியிலிருந்த அவர் இல்லத்தின்மீது வீழ்ந்தது. வேராவும் தாயாரும் தங்கையும் ஒருங்கே மாண்டனர். அவர்க்கு அப்போது வயது முப்பத்தெட்டு. அவர் ஈட்டிய பரிசுகளும் அவ்விடிபாட்டில் அழிந்தன.