கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

1877 ஆகஸ்ட் 22இல் கொழும்பிலே, சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயரான எலிசபெத் அம்மையாருக்கும் புதல்வராய் உதித்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஈராண்டு நிரம்புமுன் தந்தையாரை இழந்து, இங்கிலாந்திலே தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். இலண்டனில் புவிச்சரிதவியல் பயின்றபின், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுக்குத் தலைமை தாங்கினார். கனிப்பொருள் தேடி ஊரூராய்ச் சென்றவர், கைவினைகள் அருகிவருதல் கண்டு மனம் நொந்தார். மத்தியகாலச் சிங்களக் கலைபற்றி 1908இல் பெருநூல் வெளியிட்டார்.

1917இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிற் சேர்ந்து, முப்பதாண்டு கீழைத்தேயக் கலையின் உட்பொருளை மேனாட்டார்க்கு விளக்கினார். சிவதாண்டவத் தத்துவமும் அவ்வாறே அவர்களை எட்டிற்று. ஓய்வுபெற்று இந்தியாவில் வாழ எண்ணியிருந்தவர், 1947 செப்டெம்பர் 9இல் அமெரிக்காவிலேயே காலமானார்.

இளைஞர்காள்! கடல்கடந்து வளர்ந்தவர் நம் செல்வத்தைத் தேடி அறிந்தார். வன்னி மண்ணிலே பிறந்த நாம் நம்மூர்க் கைவினையை அறியாதிருத்தல் தகுமோ?