ஜி.டி. நாயுடுவும் ஒரு பச்சை வயரும்

அவினாசி ரோட்டுல உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்குற 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தில் நீங்க போயிருப்பீங்க. 2025 அக்டோபரில் திறந்த அந்தப் பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பேரு. விஞ்ஞானி, மோட்டார் செஞ்சவர் என்பது வரைக்கும் நம்ம எல்லாருக்கும் தெரியும். அவர் கதையை இந்தத் தடவை எலக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட் பக்கமிருந்து பார்க்கலாம் வாங்க.

கலங்கல் டு கோயமுத்தூர்

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23, சூலூர் பக்கத்துல இருக்குற கலங்கல் கிராமத்தில். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்தே வரலை. வாத்தியார் மேல மண்ணை அள்ளி வீசிட்டு ஓடி வந்தார்னு சொல்வாங்க. தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது.

ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அதே மாதிரி வண்டி வேணும்னு கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. கழற்றிப் போட்டு, ஒவ்வொரு பாகமும் என்ன செய்யுதுன்னு பார்த்து, திரும்ப மாட்டினார். அதுதான் அவரோட ஃபர்ஸ்ட் செமஸ்டர் லேப்.

1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

பைக்காரா கரண்ட்டும் 1937 மோட்டாரும்

1930-களின் தொடக்கத்தில் நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின, தோட்டத்துக் கிணறுகளுக்கு பம்ப்செட் வந்தது. ஆனால் மோட்டார் மட்டும் கப்பலில் வரணும். பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸில், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937-இல் உள்நாட்டு மோட்டாரைத் தயாரித்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைத்தான் சொல்றோம். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்னைக்கு கோவை பம்பு, மோட்டார்னு பேர் வாங்கியிருக்குன்னா, அந்தப் பட்டறைக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

எலக்ட்ரிக் ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், ஓட்டுப் பதிவு இயந்திரம்னு அவர் பட்டியல் நீளும். 1952-இல் 2,000 ரூபாய்க்குத் தரக்கூடிய இரண்டு சீட் கார் செய்தார். தயாரிக்க அரசு லைசென்ஸ் கிடைக்கவில்லை.

ஹோப் காலேஜ் சண்டை

ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப் பேரு எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் 1945 வாக்கில் நாயுடு முயற்சியில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் பாலிடெக்னிக்கின் முதல் பிரின்சிபால்! நாலு வருஷப் படிப்பு வீண், பட்டறையில் கையை வெச்சு கத்துக்கிட்டா இரண்டு வருஷமே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கலை. பொறுப்பை விட்டு விலகினார்.

அவர் சொன்னது சரியா? உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட் வைக்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்க.

பழைய வீடு, புது ஹாஸ்டல்

நம்ம ஊர்ல பழைய ஓட்டு வீடு, பழைய குடோன் எல்லாம் இப்போ பி.ஜி., கஃபே, ஆபீஸ் ஆயிடுச்சு. சுவருக்குப் புது பெயின்ட்; உள்ளே மரச்சட்டத்தில் ஓடுற பழைய இரண்டு வயர் லைன். லைன் உண்டு, நியூட்ரல் உண்டு, எர்த் கிடையாது. அதில் கீசர், வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார் எல்லாம் மாட்டுறாங்க.

மோட்டார் வைண்டிங்கின் இன்சுலேஷன் கெட்டு, லைன் பாடியில் பட்டுதுன்னு வெச்சுக்கோங்க. எர்த் இல்லைன்னா பாடியில் 230 வோல்ட் சும்மா காத்திருக்கும், ஈரக்கையோட ஒருத்தர் தொடுற வரைக்கும்.

சரி, எர்த் குழி போட்டாச்சு, போதுமா? கணக்குப் போடுங்க. வெயில் காலத்தில் மண் காய்ந்து குழியின் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம். மத்ததை விட்டுடுவோம். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் சாதாரண லோடுன்னு நினைச்சு விட்டுடும். ட்ரிப் ஆகாது. பாடியும் கிட்டத்தட்ட முழு வோல்டேஜில் நிற்கும்.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. வேணும். லைனில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசா திரும்புதான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே ட்ரிப். எர்த் வயர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஆனா ஒருத்தர் தொட்டு, அவர் உடம்பு வழியா கரண்ட் போனபிறகுதான். பச்சை வயர் இருந்தா, யாரும் தொடுறதுக்கு முன்னாடியே ட்ரிப் ஆகும். அதனால இரண்டும் வேணும். ஓவர்லோடை ஆர்.சி.சி.பி. பார்க்காது, அதுக்கு எம்.சி.பி.யும் வேணும்.

பழைய கட்டிடத்தில் இன்னொரு சிக்கல்: இரண்டு சர்க்யூட்டோட நியூட்ரல் எங்கேயோ ஒண்ணா முறுக்கியிருக்கும். ஆர்.சி.சி.பி. போட்ட உடனே அடிக்கடி ட்ரிப் ஆகும். தொல்லைன்னு அதை பைபாஸ் பண்ணிடுவாங்க. செய்ய வேண்டியது, நியூட்ரலைப் பிரிச்சு, எர்த் வயரோட புது லைன் இழுப்பது.

இந்த ஃபார்முலா எல்லாம் நமக்குத் தெரியும், பரீட்சையிலும் எழுதியிருக்கோம். தங்கியிருக்குற ரூமோட போர்டில் என்ன இருக்குன்னு எத்தனை பேர் பார்த்திருக்கோம்? நாயுடு கேட்ட கேள்வி இதுதான்.

1974 ஜனவரி 4-இல் அவர் காலமானார். அவினாசி ரோட்டு மியூசியத்தில் அவர் செஞ்ச பொருட்களைப் பார்க்கலாம், கட்டாயம் போங்க. அதுக்கு முன்னாடி, இன்னைக்கே ரூம் போர்டில் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்துங்க. ட்ரிப் ஆகலைன்னா, இல்ல பட்டனே இல்லைன்னா, ஓனர்கிட்ட சொல்லி லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க.